காரைக்குடி கரண்டுக்கு எந்தக் கேமிங் கம்ப்யூட்டர் ஒத்துவரும்?

ஐம்பது, அறுபதாயிரத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர் என்று யூடியூபில் தேடினால் பட்டியல்கள் வரிசையாக வந்து விழும். அவற்றில் ப்ராசஸர் இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும், கலர் விளக்கு வைத்த ஃபேன்கூட இருக்கும். இதையெல்லாம் செருகப்போகும் பிளக் பாயிண்ட் எப்படிப்பட்டது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஜெனரேட்டர் வைத்த அபார்ட்மென்டில் அது ஒரு கேள்வியே இல்லை. பள்ளத்தூரிலோ புதுவயலிலோ தாத்தா காலத்து வயரிங் ஓடும் வீட்டில், கோடை சாயங்காலம் தெருவே மோட்டார் போடும் நேரத்தில், கணக்கு வேறு. அதனால் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போட்டு, சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்வெர்ட்டரா, தனி யூபிஎஸ்ஸா

"வீட்டுலதான் இன்வெர்ட்டர் இருக்கே, தனியா யூபிஎஸ் எதுக்கு?" என்று அப்பச்சி கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் எந்த இன்வெர்ட்டர் என்பதைப் பொறுத்தது. கரண்டைக் கட்டம் கட்டமாக ஏற்றி இறக்கித் தரும் ஸ்கொயர் வேவ் என்றால் பேச்சே இல்லை, ஒத்துவராது. லைட்டும் ஃபேனும் அதில் ஓடும். நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் பாகங்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முனகும், சில சமயம் அணைந்தே போகும். லைன் கரண்ட் போலவே வளைவாகத் தரும் சைன் வேவ் என்றால் பெரும்பாலும் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேக்கி வைத்திருக்கும் மின்சாரத்தால் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிநொடிதான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறும் என்று நம்ப முடியாது, யூபிஎஸ் மோடில் மாறிவிடும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180-ஐ ஒட்டி இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். வோல்டேஜ் தள்ளாடும் தெருவில் பேட்டரி சும்மாவே தீரும். நிஜமாகவே கரண்ட் போகும்போது ஃபேன் ஓடாது, திட்டு உங்களுக்கு விழும்.

தனி யூபிஎஸ் என்றால் கடையில் எடுத்துக் கொடுப்பது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்). பெட்டியில் 600 என்று பெரிதாக இருந்தாலும் அது பொதுவாகத் தாங்குவது 360 வாட்தான். இந்த 360-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கார்டு வாங்குவது என்பதை இதுதான் தீர்மானிக்கப்போகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்து, தெருவில் வோல்டேஜும் ஒழுங்காக இருந்தால் யூபிஎஸ் காசை மிச்சப்படுத்தலாம். மற்றவர்களுக்கு யூபிஎஸ்தான்.

எர்த் விஷயம் இதைவிடப் பெரிது, இதைப் பற்றிப் பேச ஆளில்லை. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும்படியே வடிவமைக்கப்பட்டவை. போக வழியில்லாவிட்டால் அது கேபினெட் தகரத்தில் ஏறி நிற்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது அதனால்தான். எச்டிஎம்ஐ வயரைச் செருகும் நொடியில் மானிட்டர் போர்ட்டையும் அது பதம் பார்க்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், கோடையில் செம்மண் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். இதற்கு ஆகும் செலவு எந்தக் கலர் விளக்கு (ஆர்ஜிபி) ஃபேனைவிடவும் உருப்படியானது.

இலவச எஸ்எம்பிஎஸ்ஸா, தனியாக வாங்கியதா

"தம்பி, கேபினெட்டோடயே 450 வாட் எஸ்எம்பிஎஸ் வருது. தனியா எதுக்கு நாலாயிரம்?" இப்படிக் கேட்கும் கடைக்கார அண்ணன் ஏமாற்றுவதற்காகக் கேட்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது போதும், அவர் நாளெல்லாம் விற்பது அதைத்தான்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கி ஸ்டிக்கரைப் படியுங்கள். ப்ராசஸரும் கார்டும் தின்பது +12வி வரியில் இருந்துதான். அந்த வரிக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். மேலே அச்சடித்த 450-க்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து இன்புட் வரி. 100–240வி என்று இருந்தால் வோல்டேஜ் 160-க்கு இறங்கினாலும் தாங்கும். 200–240வி என்று இருந்தால் நம்ம ஊர் கோடை சாயங்காலத்துக்கு அது ஆகாது. பேர் பெற்ற கம்பெனிகளின் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச் சான்று) மாடல்களிலும் சில 200–240தான், ஆகவே பேரைப் பார்த்து வாங்காமல் வரியைப் பார்த்து வாங்குங்கள். 500 அல்லது 550 வாட், பிரான்ஸ், ஐந்து வருட வாரண்டி: இதில் மட்டும் பேரம் வேண்டாம்.

கார்டு: ஆர்எக்ஸ் 6600-ஆ, ஆர்டிஎக்ஸ் 3050-ஆ

பட்ஜெட்டில் பெரிய துண்டு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் தடுமாறும் இடமும் இதுதான், ஏனென்றால் என்விடியா கம்பெனியின் 3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2022-இல் வந்தது 8 ஜிபி. 130 வாட், தனிப் பவர் வயர் வேண்டும். 2024-இல் வந்தது 6 ஜிபி. 70 வாட், வயரே வேண்டாம். நினைவகம் மட்டும் இரண்டு ஜிபி குறைந்தது என்று நினைக்காதீர்கள். கோர்கள் 2560-இலிருந்து 2304 ஆயின, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆகச் சுருங்கியது. பழைய விமர்சனத்தைப் பார்த்துவிட்டுப் புதிய பெட்டியை வாங்கி வருபவர்கள் நிறைய.

எதிரே ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600: 2021-இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட். 1080பி (ஃபுல் எச்டி) திரையில் வெறும் வேகத்தில் இது 3050-இன் இரண்டு வடிவங்களையும் தெளிவாக முந்தும், 6 ஜிபியை ரொம்பவே. பெரிய கதை விளையாட்டுகள் வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். குறைகளும் உண்டு. டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) கிடையாது, பதிலுக்கு இருக்கும் எஃப்எஸ்ஆரில் படம் அந்த அளவு கூர்மையாக இருக்காது. அப்புறம், 2025 அக்டோபரில் இந்தத் தலைமுறை டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) பிழை திருத்தத்துக்கு முதலிடம் தரும் பராமரிப்புக் கிளைக்கு மாற்றுவதாக ஏஎம்டி சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. வயதான கார்டு என்பது தெரிந்தே வாங்க வேண்டும்.

6 ஜிபி 3050-ஐ முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வீட்டில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தால், அல்லது செகண்ட் ஹேண்டில் எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டி கிடைத்தால், அதில் செருகி ஓட்ட இதுதான் தோது. ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் வேண்டாம். பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்தது. பெட்டி ஒல்லியானதாக இருந்தால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டாகக் கேளுங்கள். அழகப்பா காலேஜில் பொறியியல் படித்துக்கொண்டு பிளெண்டர் (3டி மென்பொருள்), கூடா (CUDA, என்விடியா கார்டில் கணக்கு ஓட்டும் முறை) என்று போகிறவருக்கும் என்விடியா பக்கம் சாய்வதில் அர்த்தம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050: 8 ஜிபி, அதே 130 வாட், டிஎல்எஸ்எஸ் உண்டு.

இப்போது அந்த 360-க்கு வருவோம். ஆறு கோர் ப்ராசஸரும் 6600-உம் முழு வேகத்தில் ஓடினால், எஸ்எம்பிஎஸ் வீணாக்குவதையும் மானிட்டரையும் சேர்த்து 270 வாட் பக்கம் வரும். 600 விஏ யூபிஎஸ் தாங்கும். இன்டெல் ஆர்க் ஏ750 விலைக்கு நல்ல வேகம் தருவது உண்மைதான், ஆனால் கார்டு மட்டுமே 225 வாட். கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 மலிவாக வரும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓயாமல் ஓட்டி கிரிப்டோ நாணயம் எடுப்பது) நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்த வகை அது. 185 வாட் தின்று, அடுப்பாகச் சுடும். விடுங்கள்.

ப்ராசஸர்: ரைசன் 5 5600-ஆ, ஐ3-12100எஃப்-ஆ

இரண்டும் 2022-இல் வந்தவை. ஐ3-யில் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). 5600-இல் ஆறு, பன்னிரண்டு. வேலரன்ட், சிஎஸ் 2 மட்டும் ஆடுபவருக்கு ஐ3 போதும், மிச்சத்தைக் கார்டில் போடலாம். புதிய பெரிய விளையாட்டுகளிலும், பின்னால் டிஸ்கார்டும் பிரௌசரும் திறந்து வைத்திருக்கும் பழக்கத்திலும் நான்கு கோர் திணறி, படம் விட்டுவிட்டு ஓடும். வித்தியாசம் ஓரிரண்டு ஆயிரத்துக்குள் என்றால் 5600-ஐ எடுங்கள். ஐ5-12400எஃப் கேமிங்கில் ஏறக்குறைய 5600-க்குச் சமம். அன்றைக்குக் கடையில் மதர்போர்டோடு சேர்த்து எது மலிவோ அது.

5600ஜி என்று ஒரு கண்ணி இருக்கிறது. பெயரைப் பார்த்தால் 5600-உடன் கூடவே ஏதோ தருவதுபோல இருக்கும். உள்ளே கிராஃபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16, கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇயும் மூன்றாம் தலைமுறை. இப்போது கார்டுக்குக் காசில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவேன் என்பவருக்கு மட்டும் சரி.

ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போகலாமே என்பவர்களுக்கு: போகலாம், எதிர்காலம் அதில்தான். ஆனால் அது டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் இந்தப் பட்ஜெட்டுக்குள் நிற்காது. டிடிஆர்4-உம் ஏறித்தான் கிடக்கிறது, ஆனாலும் தாங்கலாம். ஒரே 16 ஜிபி குச்சியைவிட 8 ஜிபி இரண்டு வாங்கி ஜோடியாகப் போடுங்கள், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நுழையும் செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். எஸ்எஸ்டி என்விஎம்இயாக (போர்டிலேயே செருகும் வேகமான வகை) இருந்தால் போதும், தலைமுறை பார்க்க வேண்டாம். இடம் பாருங்கள், ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபிக்கு மேல்.

மாட்டும்போது ஒன்று. 5600-இன் பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருக்கும். இன்டெலில் அவை போர்டின் சாக்கெட்டில். பின்னாளில் தூசி தட்ட 5600-இன் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.

தூசி தட்டும் வேலை நம்ம ஊரில் அடிக்கடி வரும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் செம்மண் தூசி சும்மா இருக்குமா? ஆனாலும் முகப்பில் கண்ணாடி வைத்த கேபினெட்டைவிட மெஷ் (வலை) வைத்ததே மேல். மெஷ்ஷில் சேரும் தூசியைத் துடைத்துவிடலாம். சித்திரை வெயிலில் மாடி அறைக்குள் கண்ணாடிப் பெட்டியில் அடைந்த சூட்டை என்ன செய்வது? பெரிய வீட்டில் கனத்த சுவர் வைத்த உள்ளறை கிடைத்தால் அங்கேயே வையுங்கள்.

எங்கே வாங்குவது

ஆன்லைனில் விலை குறையும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசலாம், பல்லவன் ரயிலில் காலையில் ஏறினால் மதியம் சென்னை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காரைக்குடிக் கடையில் விலை கொஞ்சம் கூட, பொருளும் சொல்லிவைத்துத்தான் வரும். ஆனால் முதல் முறை சேர்த்து, பட்டனை அமுக்கியும் திரை வராவிட்டால் குற்றம் ரேமிலா, போர்டிலா, எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று கண்டுபிடிக்க மாற்று உதிரிகள் வேண்டும். அது உங்களிடம் இருக்காது, கடையில் இருக்கும். ஆகவே ப்ராசஸர், போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் நான்கையும் உள்ளூரில் ஒரே பில்லில் எடுங்கள். கார்டும் எஸ்எஸ்டியும் எங்கே மலிவோ அங்கே. கார்டுக்கு வாரண்டி வேலை வந்தால் எப்படியும் வெளியூர் சர்வீஸ் சென்டருக்குத்தான் கூரியர் போடப்போகிறோம், எனவே அதன் பெட்டியையும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்.