பட்ஜிகளுக்கு வெளிக்கூண்டு: பொள்ளாச்சிப் பட்டறையில் செய்து வாங்கியது

பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டில் கேட், கிரில் வேலை பார்க்கிற ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அங்கேதான் எங்கள் பட்ஜி ஜோடிக்கு வெளிக்கூண்டு செய்து வாங்கினோம். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 3 அடி. விலை 6,800 ரூபாய், டெம்போ வாடகை தனி. கொடுத்த காசுக்கு அருமையான வேலை. இரண்டு குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் குருவிதான் பட்ஜி. எடை 30, 40 கிராம்தான். ஆனால் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தண்ணீரையும் புல் விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாக எவ்வளவோ தூரம் பறக்கும். அப்படிப்பட்ட ஜீவனை ஒன்றரை அடிக் கூண்டுக்குள் போட்டு டிவி பக்கத்தில் மாட்டி வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. இறக்கை விரிக்க இடம் வேண்டும், வெயிலும் வேண்டும். உடம்பில் வைட்டமின் டி உண்டாக வெயிலின் புற ஊதாக் கதிர் மேலே படவேண்டும். அது இருந்தால்தான் சாப்பிடுகிற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேரும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், வெளிச்சம் மட்டும்தான் உள்ளே வரும்.

பட்டறை அண்ணனுக்குக் குருவிக் கூண்டு புதுசு. ஆனால் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்கிற மனுசர்.

“முக்கால் இஞ்ச் வலை போட்டா காத்தோட்டமா இருக்குமுங்க அம்மிணி, ரேட்டும் கம்மி” என்றார்.

“தலைய விட்டுச் சிக்கிக்குமுங்ணா. அரை இஞ்ச்தான் வேணும்.”

“அப்படீங்களா? சரி உடுங்க, அரையே போட்டுரலாம்.”

போட்டும் கொடுத்தார். அரை இஞ்ச் வலையில் பெரிய எலி நுழையாது. வெட்டின கம்பி முனை எதுவும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை, விரலால் தடவிப் பார்த்தேன். பெயின்ட் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மட்டும்தான், வலைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பட்ஜி அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும், பெயின்ட் இருந்தால் சுரண்டித் தின்றுவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம் துத்தநாகம். ஜிஐ வலை என்பது துத்தநாகம் பூசின இரும்பு வலை, அதில் பூச்சு அங்கங்கே பொடிப் பொடியாகத் திரண்டு நிற்கும். அதைக் குருவி கொறித்தால் விஷம். அதனால் எந்தப் பட்டறையில் செய்தாலும் புது வலையை வினிகர் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிட்ட பிறகே குருவியை உள்ளே விட வேண்டும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான். கை வலித்தாலும் இந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

கதவு விஷயத்தில் பட்டறைக்கு முழு மார்க். ஆள் கை விடுகிற பெரிய கதவு ஒன்று, தீனிக் கிண்ணத்துக்குச் சின்னக் கதவு ஒன்று. இரண்டுக்கும் கொண்டி வைத்துக் கொடுத்திருக்கிறார். மேலே தூக்கித் திறக்கிற கதவு கூடவே கூடாது, அதை அலகாலேயே தூக்கிவிட்டு வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் புறா மாதிரி வீடு தேடித் திரும்பத் தெரியாது. எங்கள் பக்கம் தென்னைக்குத் தென்னை காக்கா, வல்லூறும் சுற்றுகிறது.

இப்போது குறைகள். மேலே அடித்துக் கொடுத்த தகரம் சித்திரை வெயிலில் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது. கூரையில் ஒரு பாதிக்குத் தகரத்தின் மீது தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டுக் கட்டினோம். மீதிப் பாதியில் தகரத்தைக் கழற்றிவிட்டு வலையை மட்டும் விட்டோம். இப்போது வெயில் வேண்டுமென்றால் ஒரு பக்கம், நிழல் வேண்டுமென்றால் மறுபக்கம், அதுகளே பார்த்து நகர்ந்து கொள்கின்றன. அடுத்தது அடித்தட்டு. தட்டு ஓடுகிற தண்டவாளத்தில் வெல்டிங் பிசிறு இருந்ததால் பாதியில் சிக்கிக்கொண்டது, அரம் போட்டுத் தேய்த்த பிறகு சரியாக ஓடுகிறது. தட்டு தினமும் வெளியே வந்தாக வேண்டும். அதில் பேப்பர் விரித்து எச்சத்தைப் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

மேற்குப் பக்கம் அடைப்பு கேட்டு வாங்கினது நல்லதாய்ப் போயிற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இங்கே ஆளையே தள்ளும். அடைப்பு இல்லாவிட்டால் குருவி குச்சியில் உட்கார முடியாது.

காலையில் வெயில் ஏறும் முன் கூண்டில் விடுவேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே உள்ளே எடுத்துவிடுவேன். வெளியே இருக்கிற நேரமெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்போம். பூனை வலைக்கு வெளியே நின்றுகொண்டே நகத்தை விட்டுக் காலைப் பிடித்துவிடும். உட்காருகிற குச்சிக்குக் கொய்யாக் கொம்பும் வேப்பங்கொம்பும், தடிப்பு ஒன்றுபோல் இல்லாமல் வைத்திருக்கிறேன். ஒரே தடிப்பில் வழுவழுவென்று இருக்கிற குச்சியில் எந்நேரமும் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகிவிடும். வாசலில் அரளி இருந்தால் கூண்டு அந்தப் பக்கமே வேண்டாம், அதன் இலை விஷம்.

கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தீனி சரியில்லாவிட்டால் பலன் இல்லை. கலவைத் தீனி பாக்கெட் ஒன்று வாங்கினோம், பாதிக்குமேல் சூரியகாந்தி விதையும் தூசியும். சூரியகாந்தியில் எண்ணெய் அதிகம், அதையே பொறுக்கித் தின்று கொழுத்துவிடும். இப்போது தானியக் கடையில் உமியோடு இருக்கிற தினை, சாமை, பனிவரகு, கொஞ்சம் கம்பு என்று வாங்கி நானே கலக்கிறேன். கடையில் “சாப்பாட்டுக்கு, விதைப்புக்கு இல்லீங்க” என்று சொல்லியே வாங்குங்கள். விதைக்கிற தானியத்தில் பூஞ்சணக் கொல்லி மருந்து கலந்திருப்பார்கள், பெரும்பாலும் நிறம் ஏற்றியும் இருக்கும்.

கம்பு பால் பிடிக்கிற சமயத்தில் தோட்டத்துக் கதிர் ஒன்றை வலையில் கட்டிவிட்டால் பார்க்கவே ஆசையாக இருக்கும். நீல மூக்கு ஆண் குருவி கதிரில் தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு மணியாக உருவும். நாக்கால் மணியை உருட்டும், உமி பிளந்து கீழே விழும், பருப்பு மட்டும் உள்ளே போகும். கிண்ணத்திலும் இப்படித்தான் உமி அதிலேயே விழுந்து மேலாகக் கிடக்கும். தீனி நிறைய இருக்கிறதென்று ஏமாந்து அப்படியே விட்டுவிட்டால் குருவி பட்டினி கிடக்கும். தினமும் ஊதிப் பார்க்க வேண்டும்.

விதை மட்டும் தின்றால் வைட்டமின் ஏ குறைந்துபோகும். அதனால் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். கீரையைப் போசியில் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஈரத்தோடு வைத்தால் பெண் குருவி முதலில் அதில் புரண்டு குளித்துவிட்டு அப்புறம்தான் சாப்பிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு ஒன்று கூண்டில் எப்போதும் தொங்கும். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, வெங்காயம், உப்பு போட்ட முறுக்கு மிக்சர் எதையும் வாய்க்கருகே கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு வருகிற குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இந்தக் கூண்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பச்சைக்கிளி வளர்க்க ஆசைப்பட்டார். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது தென்னையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஜோடிக்கு இந்த அளவு தாராளம். நாலு குருவி என்றால் நீளத்தை 6 அடியாகக் கேளுங்கள், பட்ஜிக்கு உயரத்தைவிட நீளம்தான் பறக்க உதவும். ஆர்டர் கொடுக்கும்போதே மேலே தகரம் பாதிக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அடித்தட்டைப் பட்டறையிலேயே இழுத்துப் பார்த்து, சிக்காமல் வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.