நூறு பிக்சல் ஐகானுக்கு வண்ணம்: ஃபோட்டோஷாப்பா, கிம்ப்பா, ஃபோட்டோபீயா?

1999-இல் தொடங்கிய லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளத்தில், தொடர்களுக்கும் திரைப்படங்களுக்கும் ரசிகர்களானவர்கள் தங்கள் பெயரருகே வைத்துக்கொண்ட ஐகான் என்னும் சிறு படம், 100க்கு 100 பிக்சல் அளவையும் 40 கிலோபைட்டையும் மீறக் கூடாது என்பது அன்றைய விதி. அந்தச் சதுரத்துக்குள் ஒரு முகத்தை வெட்டி வைப்பது எவருக்கும் எளிது. மங்கிய திரைக்காட்சியை, தோல் நிறம் கெடாமல் ஒளிரச் செய்வதில்தான் கைத்திறன் தெரிந்தது.

இதற்கு ஃபோட்டோஷாப் அளித்த முதன்மையான கருவி செலக்டிவ் கலர். சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான் (பச்சைநீலம்), நீலம், மெஜந்தா (கருஞ்சிவப்பு ஊதா), வெள்ளை, நடுநிலை, கறுப்பு என ஒன்பது பிரிவுகளையும் இது தனித்தனியே மாற்ற விடுகிறது. தோல் நிறம் பெரும்பாலும் சிவப்பிலும் மஞ்சளிலும் அடங்கிவிடுவதால், சிவப்புப் பிரிவில் சயானைக் குறைத்தால் பின்னணியின் நீலம் அப்படியே இருக்க, முகம் மட்டும் செம்மையேறிச் சூடான தோற்றம் பெறும். இது படத்தின் மேல் தனி லேயராக (அடுக்காக) நிற்பதால், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

கிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருளில் இந்தக் கருவி இல்லை. நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மாற்றும் அதன் ஹியூ-சாச்சுரேஷன் பெட்டி ஆறு நிறப் பிரிவுகளைத் தருகிறது என்றாலும், வெள்ளை, நடுநிலை, கறுப்புப் பகுதிகளுக்குக் நிறச் சமநிலையை மாற்றும் கலர் பேலன்ஸையோ, ஒளியளவை ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸையோதான் நாட வேண்டும். 2025-இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு, செய்த மாற்றம் நேரே படத்தில் பதிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை. ஆகவே அந்தப் பழைய பதிப்புகளில் ஒவ்வொரு படிக்கும் முன் லேயரை நகலெடுத்து வைப்பதே பாதுகாப்பு. ஆயினும் கிம்ப்பைக் குறைத்து மதிப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐகான் செய்முறைகளில் அடிக்கடி வரும் கருநீல எக்ஸ்குளூஷன் லேயர் (எக்ஸ்குளூஷன் என்பது கீழுள்ள படத்தோடு கலக்கும் ஒரு முறை), நிழலுக்கு நீலச் சாயலையும் வெளிச்சத்துக்கு மஞ்சள் சாயலையும் கொடுக்கிறது. கர்வ்ஸில் நீலச் சேனலுக்கான (படத்தின் நீலக் கூறுக்கான) கோட்டின் கீழ்முனையைச் சற்று உயர்த்தி, மேல்முனையை அதே அளவு தாழ்த்தினால் கணக்குப்படியே அதே விளைவு கிடைக்கும். எக்ஸ்குளூஷன் முறையே இல்லாத, 2.10-க்கு முந்தைய பதிப்புகளிலும் இது நடக்கும்.

2004-இல் ஜாஸ்க் நிறுவனத்திடமிருந்து கோரல் நிறுவனத்துக்குக் கைமாறிய பெயின்ட் ஷாப் புரோ என்னும் மென்பொருளில், செலக்டிவ் கலருக்குப் பதிலாக, சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை ஒன்றோடொன்று கலக்கும் சேனல் மிக்ஸரைப் பயன்படுத்தினார்கள். அது நிறப் பிரிவு பார்க்காமல் படம் முழுவதையும் மாற்றுவதால், முகத்தைச் சரிசெய்யப் போய் வானத்தையும் சேர்த்து மாற்றியாக வேண்டியிருந்தது.

ஃபோட்டோபீ என்னும் படத்திருத்தி, இணைய உலாவியிலேயே இயங்குகிறது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் இலவசம். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கும். செலக்டிவ் கலரும் தனி லேயராகவே கிடைக்கிறது. ஃபோட்டோஷாப்புக்கென எழுதப்பட்ட செய்முறையைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றலாம். ஐகான் மட்டுமே செய்பவர் ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஃபோட்டோபீயையே சொல்வேன். கர்வ்ஸில் கை பழகியவர் கிம்ப்பை விட்டு வர வேண்டிய அவசியமும் இல்லை.

எதைத் தேர்ந்தாலும், முதலில் படத்தை 100 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டுப் பிறகு வண்ணம் தீட்டுவதே நல்லது. பெரிய படத்தில் தெரிந்த நுண்சாயல்கள் சுருங்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். சேமிக்கும்போது, 256 நிறங்களோடு நின்றுவிடும் ஜிஃப் கன்னத்தின் சாயல் மாற்றத்தைப் பட்டை பட்டையாக்கும். பிஎன்ஜியில் அந்தத் தொல்லை இல்லை. பிக்சலுக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டால், துளியும் சுருக்காத நிலையிலேயே 30,000 பைட்தான் வரும்; அது 40 கிலோபைட் வரம்புக்குள் அடங்கிவிடும்.