முதல் ஸ்பிரின்ட் டிரையத்லான்: ஹைபிரிட் போதுமா, ரோட் பைக் வேண்டுமா?

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு கையைக் கடிக்கிற செலவு இதில் ஒன்றுதான்: சைக்கிள். நான் சென்னை திருவான்மியூர்ப் பக்கமிருந்து ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், பயிற்சி எடுப்பவன். ஹைபிரிட் (நேரான கைப்பிடியும் அகல டயரும் உள்ள சைக்கிள்), ரோட் பைக் (கீழே வளைந்த டிராப் பார் கைப்பிடியும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள்) இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹைபிரிட்டைத்தான் வாங்கினேன். முதல் போட்டியை முடித்ததும் அதில்தான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தில் ரோட் பைக் முந்தும், அதில் விவாதமே கிடையாது. எடை குறைவு. குனிந்து உட்காருவதால் காற்றின் தடையும் குறைவு. ஆனால் எவ்வளவு முந்தும்? ஹைபிரிட்டில் மணிக்கு 25 கி.மீ. போகிறவர் ரோட் பைக்கில் 28 போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. தூரத்துக்கு முன்னதில் 48 நிமிடம், பின்னதில் 43 நிமிடம். பரிசு வாங்க வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய இடைவெளி. முதல் தடவை வருகிறவர் நீச்சலில் மூச்சு வாங்குவதிலும், ஈரக் காலில் சாக்ஸ் மாட்டுவதிலுமே அதில் பாதியை விட்டுவிடுவார். அங்கே மிச்சம் பிடிக்கப் பணம் தேவையில்லை.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஓரளவு நம்பகமான கியர் செட்டோடு ரோட் பைக் வாங்கப் போனால், நல்ல ஹைபிரிட்டைவிட நன்றாகவே விலை கூடும்.

எனக்கு முடிவைத் தீர்த்துக் கொடுத்தது டயர்தான்.

ரோட் பைக்கின் டயர் பெரும்பாலும் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலம். அதில் ஏறக்குறைய 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டுவார்கள். ஹைபிரிட்டில் 35 முதல் 40 மில்லிமீட்டர், 50-60 பி.எஸ்.ஐ. போதும். மெல்லிய ட்யூபில் காற்று சீக்கிரம் இறங்கும். அதைப் பார்க்காமல் கிளம்பி ஒரு பள்ளத்தில் விட்டால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஆகவே மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும், ஓட்டும் நாளெல்லாம் அதைக் கையில் எடுக்கவும் வேண்டும்.

அடுத்தது வால்வு. ரோட் பைக்கில் வருவது பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு. தெருமுனை சைக்கிள் கடைப் பம்பும் சரி, பெட்ரோல் பங்க் குழாயும் சரி, அதில் நேராகப் பொருந்தாது. சின்ன அடாப்டர் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஹைபிரிட்டில் பெரும்பாலும் ஷ்ரேடர், அதாவது மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வால்வு. எந்த பங்க்கிலும், எந்த டூவீலர் பஞ்சர் கடையிலும் நிறுத்திக் காற்றடித்துக்கொள்ளலாம்.

ஈசிஆரில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? உத்தண்டி டோல் தாண்டி முட்டுக்காடு, கோவளம் என்று போகும்போது வேகமாக வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓரமாகத்தான் ஓட்டியாக வேண்டும். மணலும் கண்ணாடித் துண்டும் சீமைக் கருவேல முள்ளும் ஒதுங்குவது அதே ஓரத்தில்தான். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பஞ்சரானால் எந்தக் கடையும் திறந்திருக்காது. முள் அகல டயரையும் விடாது என்பது உண்மைதான். ஆனாலும் என் அனுபவத்தில் ஹைபிரிட்டில் பஞ்சர் குறைவு, டயரைக் கழற்றி மாட்டுவதும் சுலபம். மெல்லிய டயர் ரிம்மோடு இறுகிக் கிடக்கும், கட்டைவிரல் வலியெடுத்துவிடும். போட்டியிலும் வெளியாள் கை கொடுக்கக் கூடாது என்பதே பொது விதி. பஞ்சரானால் நாமே ட்யூப் மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். எது வாங்கினாலும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றப் பழகுங்கள். முன்சக்கரம் யாருக்கும் வந்துவிடும். செயினோடு மல்லுக்கட்ட வேண்டிய பின்சக்கரம்தான் நேரத்தைத் தின்னும்.

கடற்காற்றின் உப்பு செயினை அரிப்பது இரண்டுக்கும் பொது. ஓட்டி வந்ததும் துடைத்து எண்ணெய் விட்டால் போதும்.

ஹைபிரிட்டில் இன்னொரு வசதியும் உண்டு. 700சி என்ற அளவு ரிம் என்றால் சக்கரத்தின் விட்டம் ரோட் பைக்கினுடையதேதான். போட்டி நெருங்கும்போது, ரிம்மின் அகலம் ஒத்துவந்தால், 32 மில்லிமீட்டர் வழவழப்பான டயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டே சாதாரண பெடலில் ஓட்டினால், இறங்கி அப்படியே ஓடிவிடலாம். இறங்கின கையோடு ஓடிப் பழகும் பிரிக் பயிற்சியில் எனக்கு இடுப்பும் முதுகும் ஹைபிரிட்டில்தான் இலகுவாக இருந்தன. எல்லோர் உடம்புக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ரோட் பைக்கின் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கோவளம் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பி வடக்கே வரும்போது முகத்தில் அறையும். அப்போது தாழப் பிடிக்க டிராப் பார் இருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியாது. 40 கி.மீ. சைக்கிள் வரும் ஒலிம்பிக் தூரத்தில் நான் ஹைபிரிட்டில் போட்டியிட்டதில்லை, அதனால் அதற்கு என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்ட அனுமதிக்கும் டிராஃப்டிங் போட்டி என்றால், உலக டிரையத்லான் விதிப்படி டிராப் பார் கட்டாயம். புதியவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் பெரும்பாலும் டிராஃப்டிங்குக்கு அனுமதி இருக்காது. இருந்தாலும் பணம் கட்டுமுன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

நண்பரின் ரோட் பைக் இரவலாகக் கிடைக்கிறதா? ஃபிரேம் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் தாராளமாக வாங்கி ஓட்டலாம். போட்டிக்கு முதல் நாள் வாங்காதீர்கள். ஒரு மாதமாவது அது உங்கள் கையில் இருக்கட்டும். கியர் மாற்றுவதும் பிரேக்கின் பிடியும் பழகியாக வேண்டும்.