ஆளுமைத் தேர்வில் தமிழா, ஆங்கிலமா: குடிமைப் பணித் தேர்வர்களுக்கு ஓர் ஒப்பீடு

குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் வென்று, தில்லி ஷாஜகான் சாலையில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) இயங்கும் தோல்பூர் மாளிகைக்கு, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத்திற்காகச் செல்லும் தமிழ்நாட்டுத் தேர்வர்கள், எந்தக் குழுவின் முன் அமர நேரும், என்ன கேட்பார்கள் என்று வாரக்கணக்கில் கவலைப்படுகிறார்கள். எந்த மொழியில் பேசுவது என்பதை மட்டும், 'டாஃப்' என்று எல்லோரும் சொல்லும் விரிவான விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் அவசரத்தில், பெரிதாக யோசிக்காமல் முடிவு செய்துவிடுகிறார்கள். மொத்தம் 2025 மதிப்பெண்களில் 275 இந்த அரை மணி நேர உரையாடலுக்கு உரியவை. 2021-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற ஸ்ருதி சர்மா நேர்முகத்தில் 173 மதிப்பெண்ணும், 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆதித்ய ஸ்ரீவஸ்தவா 200 மதிப்பெண்ணும் பெற்றனர். முதலிடத்தில் நின்றவர்களிடையே இத்தனை வேறுபாடு என்றால், பட்டியலின் நடுவிலும் கடைசியிலும் நிற்பவர்களுக்குச் சில மதிப்பெண்களே எந்தப் பணி, எந்த மாநிலம் என்பதைத் தீர்மானித்துவிடும். மொழித் தேர்வை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விதிகள் நாம் நினைப்பதைவிடத் தாராளமானவை. தேர்வு முறையை ஆராய்ந்த கோத்தாரி குழுவின் பரிந்துரையை ஒட்டி 1979-இல் வந்த புதிய தேர்வு முறை, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் விடை எழுத வழி செய்தது. 1984-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். தொகுதியைச் சேர்ந்தவரும் ஒடிசாவில் பணியாற்றியவருமான ஆர். பாலகிருஷ்ணன், தேர்வை முழுவதும் தமிழில் எழுதி வென்ற முதல் தேர்வராக அறியப்படுகிறார். தமிழில் எழுதியவர் நேர்முகத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். ஆங்கிலத்தில் எழுதியவர் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு, மும்பை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கை அடுத்துத் தளர்ந்தது. கட்டாய இந்திய மொழித் தாளுக்குத் தமிழை எடுத்தவர் இன்று நேர்முகத்திலும் தமிழைக் கேட்டுப் பெறலாம். மொழிபெயர்ப்பாளரைத் தேர்வாணையமே ஏற்பாடு செய்கிறது.

எதை அளக்கிறார்கள் என்பதை ஆணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. இது பாட அறிவையோ பொது அறிவையோ மீண்டும் சோதிக்கும் தேர்வன்று, குறுக்கு விசாரணையுமன்று, விழிப்பு, தெளிவாகவும் தர்க்கமாகவும் எடுத்துரைக்கும் திறன், சமநிலையான தீர்ப்பு, ஆர்வங்களின் ஆழம், நேர்மை ஆகியவற்றை வெளிக்கொணரும் இயல்பான, நோக்கமுள்ள உரையாடல். குழுவினருக்கு உங்கள் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் தெரியாது. ஆகவே எந்த மொழி உயர்ந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. ஒரு விடையைத் தொடர்ந்து 'ஏன்' என்றும், 'அப்படியானால்' என்றும் அடுத்தடுத்துக் கேட்கும்போது எந்த மொழியில் உங்கள் சிந்தனை நிற்காமல் ஓடுகிறது என்பதே கேள்வி.

முதலில் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பெரும் வலிமை நேரடித் தொடர்பு. நீங்கள் சொல்வதை ஐந்து பேரும் உங்கள் வாயிலிருந்தே கேட்கிறார்கள். உங்கள் தயக்கமும் புன்னகையும் சொல்லோடு சேர்ந்தே அவர்களைச் சென்றடைகின்றன. நாளிதழ், பொருளாதார ஆய்வறிக்கை, விருப்பப் பாட நூல்கள் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்தில் படித்தவருக்கு நிதிப் பற்றாக்குறை, குறைக்கடத்தி உற்பத்தி, கூட்டாட்சி நிதிப் பகிர்வு போன்றவை பற்றிய கருத்துகள் ஆங்கிலத்திலேயே மனத்தில் பதிந்திருக்கும். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு நேர்வது இங்கே பெரிய குற்றமும் இல்லை. ஆனால் மாதிரி நேர்காணல்களில் குழு உறுப்பினராக அமர்ந்து நான் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் தவறாகப் பேசுவதில்லை, பாதுகாப்பாகப் பேசுகிறார்கள். மனப்பாடமாக வரும் சொற்றொடர்களில் ஒளிந்துகொள்கிறார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையிடம் மேட்டூர் அணை திறப்பைப் பற்றிக் கேட்டால், வேளாண்மை நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்கி, எந்த மாநிலத்துத் தேர்வரும் சொல்லக்கூடிய விடையைச் சொல்லி முடிக்கிறார்.

அதே பிள்ளையிடம் அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-இல் அணை திறக்கப்பட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகிறது, வாய்க்கால் தூர்வாராத ஆண்டில் என்ன நேர்ந்தது, ஆழ்துளைக் கிணறு உள்ளவர் குறுவை போட அது இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருப்பதால் ஒரே ஊருக்குள் எப்படி இரண்டு பொருளாதாரங்கள் உருவாகின்றன என்று அவரே விரித்துச் சொல்வார். மாவட்ட ஆட்சியராக நீர்ப் பங்கீட்டுத் தகராறை எப்படித் தீர்ப்பீர்கள் என்று அடுத்துக் கேட்டால், முறை வைத்துத் தண்ணீர் விட்ட அனுபவத்திலிருந்து ஒரு வழியையும் சொல்வார். குழு தேடும் மனிதர் இவர்தான். தமிழைத் தேர்ந்தெடுப்பதற்கான மிக வலுவான காரணமும் இதுவே.

ஆனால் அந்த வளமெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கடந்துதான் குழுவைச் சேர வேண்டும். தமிழை விரும்புவோர் போதிய அளவு எண்ணிப் பார்க்காத இடம் இது. ஒவ்வொரு விடையும் இருமுறை சொல்லப்படுவதால் கேள்விகள் குறையும். கேள்விகள் குறைந்தால் ஒவ்வொரு விடைக்கும் எடை கூடும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நீங்கள் நீளமாகப் பேசினால், ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பதே தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் காத்திருப்பார். பிறகு சொன்னவற்றில் பாதியைச் சுருக்கிவிடுவார். எனவே நிலைப்பாட்டை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, இரண்டு மூன்று சிறு வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்திப் பேசும் பழக்கம் வேண்டும். மேடைப் பேச்சில் தேர்ந்தவர்களுக்கு இது கடினம். அவர்களுடைய ஓட்டமே இங்கே அவர்களுக்குத் தடையாகிறது. ஆதாயமும் உண்டு. கேள்வி ஆங்கிலத்தில் எழுந்து தமிழில் மீண்டும் ஒலிக்கும்போது, இரண்டும் புரிந்தவருக்குச் சிந்திக்கச் சில நொடிகள் கிடைக்கின்றன.

வியப்பாகத் தோன்றலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஆங்கிலமே பல சமயம் கைகொடுக்கிறது. சங்கப் பாடலையோ குறளையோ பற்றிக் கேட்டால் நீங்கள் தமிழில் அழகாகச் சொல்லும் விடையை, அந்தப் பாடலை அறிந்திராத ஒருவர் அந்த நொடியில் ஆங்கிலப்படுத்தக்கூடும். முன்கூட்டியே நீங்களே பொருளை எளிய ஆங்கில உரைநடையில் அமைத்து வைத்திருந்தால், குழு கேட்பது உங்கள் சொந்த வாசிப்பாக இருக்கும். தமிழில்தான் பேசுவேன் என்பவர்கள், செய்யுளை ஒப்பிப்பதை விட்டு அதன் கருத்தை நேரடியாகச் சொல்லப் பழக வேண்டும்.

பயிற்சி வாய்ப்பில் ஆங்கிலம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. தில்லி ராஜேந்திர நகரிலும் சென்னை அண்ணா நகரிலும் நடக்கும் மாதிரி நேர்காணல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்நாடு அரசின் பயிற்சி மையமும் அதிகாரிகளைக் கொண்டு மாதிரி நேர்காணல் நடத்துகிறது. தமிழில் பேசப் போகிறவர் அங்கே அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நல்லது. அதைவிடப் பயனுள்ள ஏற்பாடு ஒன்றை நண்பர்களைக் கொண்டே செய்துகொள்ளலாம். ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும், தமிழ் அறியாத ஒருவர் குழு உறுப்பினராக அமர்ந்து, தமக்கு எட்டியது என்ன என்று இறுதியில் சொல்லட்டும். நீங்கள் சொன்னதற்கும் அவர் பெற்றதற்கும் உள்ள இடைவெளியே நீங்கள் திருத்த வேண்டியது. தமிழில் பேசினால் ஆங்கிலம் அறியாதவர் என்று குறைத்து மதிப்பிடுவார்களோ என்ற அச்சத்துக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் தகுதி மதிப்பெண் பெறாத எவரும் அந்த அறைக்கு வருவதே இல்லை.

பள்ளி முதல் பட்டம் வரை தமிழில் படித்து முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுதியவர் தயங்காமல் தமிழில் பேசலாம். நேர்முகத்துக்காக மட்டும் சில வாரங்களில் ஆங்கிலத்துக்குத் தாவுவது, சேர்த்து வைத்த வலிமையை வாசலில் விட்டுச் செல்வதாகும். ஆங்கில வழியில் படித்து எழுதியவருக்கு ஆங்கிலமே சரி. தமிழ்ப் பற்றுக்காக அவர் மாற வேண்டியதில்லை. இடையில் நிற்பவர்கள்தான் நம்மிடையே மிகுதி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ், பொறியியல் ஆங்கிலத்தில், முதன்மைத் தேர்வு ஆங்கிலத்தில், விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம். இவர்களுக்குப் பெரும்பாலும் எளிய, குறுகிய வாக்கியங்களாலான ஆங்கிலத்தையே நான் பரிந்துரைப்பேன். அவர்களின் அண்மைக்கால வாசிப்பு அந்த மொழியில்தான் இருக்கிறது. எனினும் முதன்மைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், சொந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி, தேசியக் கொள்கையைப் பற்றி ஒரு கேள்வி என எடுத்துக்கொண்டு, நண்பரை மூன்று அடுக்குத் தொடர் கேள்விகள் கேட்கச் சொல்லி, இரு மொழியிலும் விடையைப் பதிவு செய்து கேட்க வேண்டும். மூன்றாவது தொடர் கேள்வியில் ஆங்கிலம் உலர்ந்துபோய்த் தமிழ் உயிரோடு இருந்தால், படிவத்தில் தமிழ் என்றே குறிக்கலாம். அன்றிலிருந்தே மொழிபெயர்ப்பாளரோடு பேசும் பயிற்சியையும் தொடங்கிவிட வேண்டும்.