ஆர்க்கிடெக்ட் கட்டணம்: சதவீதமா, மொத்தத் தொகையா?

வீடு கட்டலாம் என்று முடிவானதும் இரண்டு ஆர்க்கிடெக்டுகளிடம் பேசினோம். ஒருவர் கட்டுமானச் செலவில் 8 சதவீதம் என்றார். இன்னொருவர் எங்கள் தேவைகளை எழுதி வாங்கிக்கொண்டு போய், நான்கு நாள் கழித்து ஒரே தொகையாகக் குறித்து அனுப்பினார். எஸ்டிமேட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; மொத்தத் தொகை சற்றே கூடுதல். நாங்கள் அந்தக் கூடுதலையே தேர்ந்தெடுத்தோம். ஏன் என்று கேட்ட உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கும் முறையை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். வெறும் நான்கு சுவராக நிற்கும் ஹாலுக்கும், குழாய், மின்சாரம், அலமாரி என்று பத்து விஷயங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சமையலறைக்கும் அதில் ஒரே விலை. பால்கனி கணக்கில் சேருமா, கார் நிறுத்துமிடம் சேருமா என்ற வழக்கு வேறு. வரைபடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரிப்படும்.

மணிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை ஒரே ஒரு முறை கொடுத்திருக்கிறேன், பழைய வீட்டில் ஒரு சுவரை இடித்து இரண்டு அறைகளைச் சேர்த்தபோது. சின்ன வேலை, நான்கைந்து சந்திப்பில் முடிந்தது, குறையில்லை. அதை வைத்து முழு வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இத்தனை மணிக்கு மேல் போகாது என்று எழுதி வாங்காமல் இறங்க மாட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சதவீத முறையிலும் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் வீடு என்ன வடிவம் எடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. வேலை பெருகினால் கட்டணமும் தானாகப் பெருகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் எதில் சதவீதம்? முதல் எஸ்டிமேட்டிலா, ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்ட தொகையிலா, வீடு முடிந்தபின் வரும் இறுதிக் கணக்கிலா? எஸ்டிமேட் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் 115 கேட்கிறார், முடியும்போது 130 ஆகிறது. அதே 8 சதவீதம் முறையே 8, 9.2, 10.4 ஆகிவிடும். சுற்றுச்சுவர், சமையலறை அலமாரி, நாமே வாங்கித் தரும் பொருள்கள் ஆகியவற்றின் மதிப்பும் அதில் சேருமா என்பது அடுத்த கேள்வி. பல ஒப்பந்தங்களில் சேரும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். வரைபடத்தில் தரைக்கு டைல்ஸ் என்று இருந்தது. என் மனைவி கிரானைட் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார், கதை முடிந்தது. ஆர்க்கிடெக்ட் செய்தது, டைல்ஸ் என்ற சொல்லை அடித்துவிட்டுக் கிரானைட் என்று எழுதியது மட்டுமே. சதவீதமாக இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்கும் 8 சதவீதம் போயிருக்கும். இதற்கு நேர்மாறானது இன்னும் விசித்திரம். செலவு கைமீறுகிறது என்று நாங்கள் புலம்பியபோது, அவர் இரண்டு வாரம் உட்கார்ந்து மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுவந்தார். குழாய் நீளம் குறைந்தது, ஒரு சுவரும் மிச்சமானது. சதவீதக் கணக்கில் இப்படி உழைப்பவருக்குக் கட்டணம் குறையும். யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. கணக்கு நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்கிறேன்.

மொத்தத் தொகையில் தொல்லை இல்லாமல் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். அந்த இரண்டையும் ஜன்னல் எங்கே வைப்பது என்ற குடும்பச் சண்டையிலேயே தீர்த்துவிட்டோம். கட்டமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணம் ஆகியவை எழுத்தில் சேர்த்திருந்தாலொழிய எந்த முறையிலும் தனிதான்.

பெரிய ஆபத்து வேறு. பரவலாக வழங்கும் தவணைப் பிரிப்பு ஒன்று உண்டு: முதல் கருத்து வரைவுக்குக் கட்டணத்தில் 15 சதவீதம், அதை விரிவாக்க 20, வேலை வரைபடங்களுக்கு 40, ஒப்பந்ததாரர் தேர்வுக்கு 5, கட்டுமானக் காலத்துக்கு 20. கூட்டிப் பாருங்கள். முதல் செங்கல் வைக்கும் முன்பே 80 சதவீதம் கைமாறிவிடுகிறது. தொகையும் மாறாது, பெரும்பகுதியும் கைக்கு வந்துவிட்டது என்றால், வெயிலில் வந்து நிற்க யாருக்கும் சற்றுச் சோம்பலாகத்தான் இருக்கும். அதனால் கடைசி 20-ஐ மட்டும் பிரித்து, 12 வருகை, வருகைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தைய நாள் கட்டாயம் வர வேண்டும்.

மாடித் தளத்துக்குச் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு, முடிந்திருந்த நாள் அது. ஆர்க்கிடெக்ட் படிக்கட்டின் பாதியில் நின்று, தலைக்கு மேலிருந்த பீம் பலகைக்கு டேப்பை நீட்டினார். 1.85 மீட்டர். வரைபடத்தில் 2 மீட்டருக்கு மேல் இருந்தது. பலகையை ஒரு படி முன்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள். கொத்தனார் முதலில் டேப்பைக் குறை சொன்னார், பிறகு தம்முடைய டேப்பைக் கொண்டுவந்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மாலைக்குள் பிரித்துக் கட்டினார்கள். மறுநாள் கான்கிரீட் போட்டிருந்தால் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

பேசிய 12-இல் அவர் வந்தது 10. மீதி இரண்டுக்கானதைக் கடைசித் தவணையில் அவரே கழித்துவிட்டார். அந்தப் படியில் ஏறும்போது, இடிக்காது என்று தெரிந்தும், நான் இன்னமும் தலையைக் குனிகிறேன்.