கொடம்புளியா, முருங்கையிலையா, கறிவேப்பிலையா: கொழுப்புச் சாப்பாட்டுக்கு எது காவல்?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் எந்தச் சந்தைக்குப் போனாலும் கிடைக்கிற மூன்று சரக்கு இவை. இப்போது மூன்றும் கேப்ஸ்யூலாகவும் வருகின்றன, 'கொழுப்பைக் கரைக்கும், ஈரலைக் காக்கும்' என்ற ஒரே வாசகத்தோடு. ஆனால் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

கொழுப்பு மிகுந்த தீனி தொடர்ந்தால் ஈரலில் கொழுப்பு சேரும். அதை எரிக்கும் வேலையில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கட்டுமீறி செல்சவ்வின் கொழுப்பையே அரிக்கும். அந்த அரிப்பை ஆய்வுக்கூடத்தில் எம்.டி.ஏ. (மலோண்டயால்டிஹைடு) என்ற கழிவின் அளவை வைத்தும், செல்லைக் காக்கும் குளூட்டதயோன் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தும் பார்ப்பார்கள். எடை குறைந்ததா என்பது வேறு கணக்கு. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

மீன்கறிக்குப் புளிப்பு சேர்க்கும் கொடம்புளியில்தான் இந்தக் குழப்பம் அதிகம். அதன் தோட்டிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், உடல் கொழுப்பை உண்டாக்கும் வழியில் ஒரு நொதியைத் தடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. 1998-இல் 135 பேரிடம் 12 வாரம் தினமும் 1,500 மி.கி. அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட எடை கூடுதலாக இறங்கவில்லை. 2013-இல் வெளியான எலி ஆய்வு இன்னும் மோசம். கொழுப்புத் தீனியோடு 1 சதவீதம் கொடம்புளிச் சாறு (பிரித்தெடுத்த சத்து) 16 வாரம் கொடுத்ததில் உடல் கொழுப்பு குறைந்தது, ஆனால் ஈரலில் அழற்சியும் நார்த்தழும்பும் ஆக்சிஜனேற்றச் சேதமும் கூடின. மனிதரிடமும் இந்தக் கேப்ஸ்யூல்களால் ஈரல் கெட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

மீன்கறியில் போடும் இரண்டு மூன்று சுளைக்கு இந்தப் பயம் வேண்டாம். அளவு சிறிது, உலர்த்தும்போதே அமிலத்தில் ஒரு பகுதி வீரியம் குறைந்த லாக்டோனாக மாறிவிடும். மழைக்காலத்தில் பழுப்பதால் புகையில் உலர்த்தி, கிலோவுக்கு 150 கிராம் உப்பும் 50 மி.லி. தேங்காய் எண்ணெயும் தடவி வைத்தால் பூசணம் பிடிக்காது.

முருங்கையிலைக்கு வருவோம். அதில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் குவர்செட்டினும் குளோரோஜெனிக் அமிலமும் நீரிலும் ஆல்கஹாலிலும் இறங்கும். கொழுப்புத் தீனி எலிகளில் எம்.டி.ஏ. குறைந்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் நடந்தவை சிறியவை. எலிக்குக் கிலோ எடைக்கு 300 மி.கி. சாறு என்றால், மனித அளவாக்க அதை 6.2-ஆல் வகுத்து, 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 2.9 கிராம். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாக வந்தால் 29 கிராம் காய்ந்த இலை வேண்டும்; பச்சையாக 120 முதல் 150 கிராம். ஒருவர் ஒரே வேளையில் ஒரு பெரிய கிண்ணம் துவரன் (பொரியல்) தின்ன வேண்டும்! 500 மி.கி. இலைப்பொடிக் கேப்ஸ்யூல் இரண்டு அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

பொடி வீட்டிலேயே செய்வதானால் நிழலில், மெல்லிய பரப்பாக. வெயிலில் காய்ந்தால் வைட்டமின் ஏ-யும் சி-யும் போகும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அப்போது நிழலில் போட்டால் மூன்றாம் நாளே பூசணம். 50 டிகிரிக்குள் ஓடும் டிரையர்தான் வழி. இலை நொறுங்காமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் அடைக்காதீர்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை: இலையில் வைட்டமின் கே அதிகம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் அளவை மாற்றக் கூடாது.

கறிவேப்பிலை கதை சுருக்கம். மகானிம்பின் போன்ற அதன் கார்பசோல் ஆல்கலாய்டுகள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் இறங்காது. எலிகளுக்கு இந்த ஆல்கலாய்டுகள் உதவியதாக வந்த முடிவுகள் தண்ணீரல்லாத கரைப்பான்களில் எடுத்த சாற்றுக்கு உரியவை. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற கறிவேப்பிலைக் கஷாயத்துக்கு அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தாளித்த இலையை ஒதுக்காமல் மென்று தின்பது அதைவிட மேல்.

என் வரிசை: தட்டில் முருங்கையிலை முதல், கறிவேப்பிலை அடுத்தது, கொடம்புளி புளிப்புக்கு மட்டும். ஏற்கெனவே கொடம்புளிக் கேப்ஸ்யூல் எடுப்பவர்கள் சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனைக்குப் போகவும், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.