கம்பம், குமுளிப் பக்கத்துக்கு வீட்டு எச்.பி.வி. கிட் சரிப்படுமா?

விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறி கேரளத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு என்றால் ஒருநாள் கூலி போச்சு என்று அர்த்தம். 5ஆவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. அதனால் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே மாதிரி எடுத்து கொரியரில் அனுப்பும் கிட்டை, பணமுள்ளவர்களின் வசதிச் சாமான் என்று ஒதுக்கிவிட முடியாது.

எல்லோரும் கேட்கும் முதல் சந்தேகம்: கர்ப்பப்பை வாய்வரை எட்டாமல் எடுத்த மாதிரி எப்படிச் சரியாகும்? டாக்டர் எடுக்கும் பழைய சோதனையான பாப் ஸ்மியரில் செல்லின் உருவத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு வாய்ப்பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும். இந்த கிட் தேடுவது வைரஸின் டி.என்.ஏ.வை. அது யோனித் திரவத்திலேயே கிடைக்கும். அந்த டி.என்.ஏ.வையே பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால், டாக்டர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழச் சமமாகவே நோயைக் காட்டுகிறது. டி.என்.ஏ.வை விட்டு அது தரும் சிக்னலை மட்டும் பெருக்கும் பழைய முறைகளில் சுயமாதிரி கொஞ்சம் பின்தங்கும். ஆகவே லேப் எந்த முறையில் சோதிக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். எச்.பி.வி.யின் 16, 18 வகைகளைத் தனியாகப் பிரித்துச் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். மொத்தமாக ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் வரும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

கிட்டில் வருவது ஸ்வாப் அல்லது பிரஷ். ஸ்வாப் எளிது: கை கழுவி, ஒரு காலைத் தூக்கி வாளிமேலோ ஸ்டூல்மேலோ வைத்து, குச்சியில் போட்ட கோடுவரை (பெரும்பாலும் விரல் நீளம்) உள்ளே விட்டு, தாளில் சொன்ன நேரம் நிதானமாகச் சுழற்றி, எதிலும் படாமல் டியூபில் போட வேண்டும். எவலின் என்ற பிராண்ட் மாதிரியான பிரஷில் ஒரு படி கூடுதல். இறக்கை போன்ற பகுதி வெளியே முட்டும்வரை செலுத்தி, பின்பக்கக் குச்சியைத் தள்ளினால்தான் உள்ளிருக்கும் வெள்ளை நார் வெளியே வரும். பிறகு ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று சத்தம் வரும். கண்ணால் பார்க்க முடியாத வேலைக்குக் காதால் எண்ண வழி செய்திருக்கிறார்கள். முதல் தடவை எடுப்பவருக்கு நாங்கள் இந்த பிரஷையே சொல்வோம். முடிந்ததும் குச்சியைப் பின்னால் இழுத்து, நார் உள்ளே போன பிறகே மூடி போட வேண்டும்.

சொதப்புவது எங்கே? பாதிவரை மட்டும் விட்டு எடுத்துவிடுவது. குச்சியைத் தள்ள மறப்பது. மாதிரியில் மனிதச் செல் இருக்கிறதா என்று லேப் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை வைத்துப் பார்க்கும். அது கிடைக்காவிட்டால் ‘இன்வேலிட்’. அப்படி வந்தால் நோய் இருக்கிறது, இல்லை என்று எதுவும் அர்த்தமில்லை. மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களில் எடுக்கக் கூடாது. இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே கிரீம், மாத்திரை வைக்காமலும் உறவைத் தவிர்த்தும் இருப்பது நல்லது. திரவ டியூபாக இருந்தால் மூடி இறுகவில்லை என்றாலே வழியில் ஒழுகிவிடும். மலைப்பாதை கொரியருக்குத் திரவம் இல்லாமல் அனுப்பும் உலர் மாதிரிதான் தோது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி டியூபிலும் படிவத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

வண்டிப்பெரியாறு லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வேறு சிக்கல். ஒரே அறை, வெளியே கக்கூஸ். படுத்தபடியும் எடுக்கலாம், இரண்டு நிமிட வேலைதான். தமிழில் படத்தோடு தாள் வைக்காத கிட்டுக்கு நாங்கள் தாராளமாக மதிப்பெண் குறைப்போம்.

உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளை பட்டால் கிட் வாங்காதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும், கர்ப்பப்பையை வாயோடு எடுத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது (எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை). நெகட்டிவ் வந்தவருக்கு வருஷா வருஷம் ‘பேக்கேஜ்’ விற்பது வியாபாரம்.

கிட் வேண்டாம் என்றால் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை இருக்கிறது. பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த, 2007-ல் வெளியான ஆய்வில் அந்த ஒரே சோதனையும் அதையொட்டிய சிகிச்சையும் இந்நோய்ச் சாவை 35 சதவீதம் குறைத்தன. லேசாக எடைபோட வேண்டாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் அவர்களுக்கு எச்.பி.வி. சோதனையே மேல்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் அல்ல. பெரும்பாலான தொற்று ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். பல வருஷம் பழையதாகவும் இருக்கலாம், புருஷனைச் சந்தேகப்பட அது சாட்சி ஆகாது. 16, 18 வந்தால் நேரே கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் டாக்டர் பார்ப்பது). மற்ற வகைக்கு முதலில் டாக்டர் எடுக்கும் ஸ்மியர் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் அதற்கு தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி, கேரளப் பக்கம் கோட்டயம். காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அங்கே போவதே வசதி.

ஆர்டர் போடுமுன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, பாசிட்டிவ் வந்தால் யார் கூப்பிடுவார்கள், தமிழில் பேசுவார்களா என்று கேளுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் மட்டும் வரும் என்றால் வேறு கிட் பாருங்கள். படிவத்தில் மகனுடைய நம்பரைக் கொடுத்தால் ரிப்போர்ட் முதலில் அவன் கையில்தான் போய் விழும்.